இழந்த நீளம்: பழைய கைத்துப்பாக்கியின் சுருள்வில்கள்

எந்திரம் ஒன்று பழையதாகிவிட்டது என்று சொல்லும்போது, உராய்ந்து தேய்ந்த அச்சையோ, பல் மழுங்கிய சக்கரத்தையோ, துருவேறிய தகட்டையோதான் மனம் முதலில் எண்ணுகிறது. ஆனால் எதனோடும் பெரிதாக உராயாமல், சில கிராம் எடையே கொண்டு, எந்திரம் ஓய்ந்து கிடக்கும் பொழுதிலும் இடைவிடாது வேலை செய்துகொண்டிருக்கும் உறுப்பு ஒன்று உண்டு. மக்கள் ஸ்பிரிங் என்றும் பாடநூல்கள் சுருள்வில் என்றும் அழைக்கும் அந்த உறுப்பே, பழைய எந்திரங்கள் பலவற்றில் எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தளர்ந்துபோகிறது. நூறாண்டு கடந்த கைத்துப்பாக்கி ஒன்றின் குழலும் சட்டகமும் இன்னும் உறுதியாக இருக்க, அதனுள் இருக்கும் சுருள்வில் மட்டும் பலமுறை மாற்றப்பட்டிருப்பது வழக்கமான செய்தி. தேயாத ஒரு பொருள் எப்படித் தளர்கிறது, அந்தத் தளர்ச்சியில் அது உண்மையில் எதை இழக்கிறது, இழந்ததைக் கண்டறிந்து ஈடுசெய்வது எவ்வாறு என்னும் மூன்று கேள்விகளுக்கும் இயற்பியலில் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையை அறிந்தவர் கையில் பராமரிப்பு என்பது ஊகமாக இல்லாமல் அளவீடாக மாறிவிடுகிறது.

ஒரு துப்பாக்கி, ஏழு வில்கள்

இதை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் உருவாக்கி, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட எம்1911 என்னும் கைத்துப்பாக்கி. 1985இல் வேறொரு துப்பாக்கி அதன் இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் வரை, முக்கால் நூற்றாண்டு அது அப்படையின் முறையான கைத்துப்பாக்கியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் தையல் எந்திரம் செய்த சிங்கர் நிறுவனமும்கூட அதைத் தயாரித்தன. ஓர் ஆலையில் செய்த உறுப்பு இன்னோர் ஆலையின் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையோடு இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதால், அதன் சுருள்வில்களின் அளவுகள் வரையறுக்கப்பட்டு நிலைபெற்றன. ஆகவே பழைய வில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் வேலைக்கும், அந்த வேலைக்குப் பின்னுள்ள அறிவியலை விளக்குவதற்கும் அது மிகவும் ஏற்றதாக அமைந்திருக்கிறது.

இத்துப்பாக்கியின் மேற்பகுதி, ஸ்லைடு எனப்படும் கனமான எஃகு உறை. அது சட்டகத்தின் மேலுள்ள தடங்களில் முன்னும் பின்னும் நகர்கிறது. தோட்டா வெடிக்கும்போது, 14.9 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் வேகத்தில் முன்னே செல்ல, அதே அளவு உந்தம் எதிர்த்திசையில் ஸ்லைடையும் குழலையும் பின்னே தள்ளுகிறது, இதுவே பின்னுதைப்பு. குழலின் மேல்முதுகில் உள்ள இரண்டு வரம்புகள் ஸ்லைடின் உட்புறப் பள்ளங்களில் கோத்துக்கொண்டிருப்பதால், முதல் சில மில்லிமீட்டர் தொலைவுக்கு இரண்டும் ஒன்றாகவே நகர்கின்றன. பிறகு குழலின் பின்முனையில் உள்ள சிறிய இணைப்புத் துண்டு அதைக் கீழே இழுத்துப் பிரித்துவிட, ஸ்லைடு மட்டும் தனியே பின்னோக்கி ஓடி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, தமிழில் குதிரை என்று வழங்கும் சுத்தியலைப் பின்னுக்கு மடக்கி நிறுத்துகிறது. இந்த ஓட்டம் முழுவதிலும் குழலுக்குக் கீழே இருக்கும் பின்னுதைப்புச் சுருள்வில் அமுங்கிக்கொண்டே வந்து, ஓட்டம் முடிந்ததும் ஸ்லைடை முன்னோக்கித் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திரும்பு பயணத்தில்தான் அடுத்த தோட்டா கீழிருந்து உருவப்பட்டு, குழலின் அறைக்குள் தள்ளப்பட்டு, குழல் மீண்டும் மேலே தூக்கப்பட்டுப் பூட்டப்படுகிறது.

பின்னுதைப்பு வில்லைத் தவிர வேறு ஆறு வில்களும் இதில் உள்ளன. கைப்பிடியின் பின்புறத்தில் ஒடுங்கியிருந்து குதிரைக்கு அடிக்கும் ஆற்றலைத் தருவது தலைமை வில். தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைப்பியைக் குத்தும் ஊசியை, குத்திய உடனே பின்னுக்கு இழுப்பது ஊசி வில். மேகசின் என்னும் தோட்டாக் கூட்டினுள் ஏழு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருப்பது மேகசின் வில். அந்தக் கூட்டை அதன் இடத்தில் பற்றிவைக்கும் தாழுக்கு ஒரு வில்லும், பாதுகாப்புத் தாழையும் ஸ்லைடு நிறுத்தியையும் அழுத்திப் பிடிக்கும் இரு முளைகளுக்கு நடுவே ஒரு வில்லும் உண்டு. ஏழாவது, சுருளாக இல்லாமல் மூன்று விரல்களாகப் பிளந்த தட்டையான எஃகுப் பட்டை. அதன் ஒரு விரல் குதிரையைத் தடுத்து நிறுத்தும் கொக்கியையும், நடுவிரல் டிரிகரையும் அதன் தொடர்பைத் துண்டிக்கும் உறுப்பையும், மூன்றாவது விரல் கைப்பிடிப் பாதுகாப்பையும் அழுத்துகின்றன. இவற்றோடு, வெற்றுக் கூட்டின் விளிம்பைப் பற்றி இழுக்கும் நீண்ட கொக்கியும் தனி வில் ஏதுமின்றித் தன் வளைவினாலேயே அழுத்தம் தருவதால், அதையும் ஒரு பட்டைவில்லாகவே கொள்ள வேண்டும்.

அமுக்கினால் முறுகும் கம்பி

சுருள்வில்லின் அடிப்படை விதியை வகுத்தவர் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக். 1676இல் அதை எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டு, 1678இல் புதிரை அவிழ்த்து வெளியிட்டார். ஒரு மீள்பொருளை எவ்வளவு நீட்டுகிறோமோ அல்லது அமுக்குகிறோமோ, அதற்கு நேர்விகிதத்தில் அது எதிர்த்துத் தள்ளும் என்பதே அவ்விதி. ஒரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கு எவ்வளவு விசை என்னும் அளவு சுருள்மாறிலி எனப்படும். எந்த விசையும் படாமல் வில் தானாகக் கிடக்கும்போது உள்ள நீளம் இயல்நீளம் எனப்படும். வில் தரும் விசை, இயல்நீளத்திலிருந்து எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைச் சுருள்மாறிலியால் பெருக்கக் கிடைப்பது. ஆகவே ஒரு வில் வலுவிழந்தது என்றால், ஒன்று சுருள்மாறிலி குறைந்திருக்க வேண்டும், அல்லது இயல்நீளம் குறைந்திருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

சுருள்மாறிலி எதைப் பொறுத்தது என்பதை அறிய, வில் அமுங்கும்போது அதன் கம்பிக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். வில்லை அமுக்கினால் கம்பியும் அமுங்குகிறது என்று தோன்றும். உண்மையில் கம்பி தன் அச்சைச் சுற்றி முறுகுகிறது. ஈரத் துணியைப் பிழியும்போது இரு கைகளும் அதை எதிரெதிராகத் திருகுவது போலவே, சுருளின் ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை நோக்கிச் சாயும்போது இடையிலுள்ள கம்பி திருகப்படுகிறது. எம்1911இன் பின்னுதைப்பு வில் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில், 30 சுற்றுகளாக, 165 மில்லிமீட்டர் இயல்நீளத்தில் செய்யப்படுகிறது. இந்தச் சுருளைப் பிரித்து நேராக்கினால் 90 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கம்பி கிடைக்கும். வில் முழுவதுமாக அமுங்கும் கணத்தில், அந்தக் கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் ஏறத்தாழ நான்கு முழுச் சுற்று முறுகியிருக்கும் என்று கணக்கு காட்டுகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நான்கு சுற்று முறுகி, நான்கு சுற்று அவிழ்வதே அந்தக் கம்பியின் வாழ்க்கை.

முறுக்கத்தை எதிர்க்கும் திறன் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். சுருளின் விட்டம் பெரிதானாலும், சுற்றுகளின் எண்ணிக்கை மிகுந்தாலும் விறைப்பு குறையும். இவை மூன்றும் வடிவ அளவுகள். நான்காவதாக வருவது பொருளின் விறைப்புக் குணகம், அதாவது முறுக்கத்துக்கு அந்த உலோகம் காட்டும் இயல்பான எதிர்ப்பு. அது எஃகுக்கு ஏறத்தாழ 79 கிகாபாஸ்கல். மென்மையான இரும்புக் கம்பிக்கும் மிகக் கடினமான பியானோக் கம்பிக்கும் இந்தக் குணகம் கிட்டத்தட்ட ஒன்றே. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பிலிருந்து எழும் பண்பு என்பதால், பழக்கத்தாலோ வயதாலோ அது மாறுவதில்லை. கம்பி தேய்ந்து மெலியாதவரை, சுற்றுகளும் குறையாதவரை, பழைய வில்லின் சுருள்மாறிலி புதியதன் சுருள்மாறிலியே. எனவே தளர்ந்த வில் இழந்தது அதன் விறைப்பை அல்ல; அது இழந்தது நீளத்தை.

நீளம் எங்கே போகிறது

ஹூக் விதி ஓர் எல்லை வரைதான் செல்லும். அதுவே மீள் எல்லை. அதற்குள் அமுக்கிவிட்டால் பொருள் பழைய வடிவத்துக்கு முழுவதுமாகத் திரும்பும், அதைத் தாண்டினால் ஒரு பகுதி உருமாற்றம் நிலையாகத் தங்கிவிடும். உலோகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருந்தாலும், அடுக்குகளுக்கு இடையே ஆங்காங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுபோன பிழைகள் உண்டு. இவற்றை இடப்பெயர்வுகள் என்பர். டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் 1934இல் தனித்தனியே இந்தக் கருத்தை முன்வைத்தனர். தகைவு, அதாவது குறுக்குப் பரப்பின் ஒவ்வோர் அலகிலும் தாங்கப்படும் விசை, போதிய அளவு மிகும்போது, இந்தப் பிழைகள் அடுக்குகளின் ஊடே நகரத் தொடங்குகின்றன. ஒரு கனமான சமுக்காளத்தை முழுதாக இழுப்பதைவிட, அதில் ஒரு மடிப்பை எழுப்பி அந்த மடிப்பை மறுமுனை வரை தள்ளிச் செல்வது எளிது. அணு அடுக்குகள் வழுக்குவதும் இவ்வாறே. நகர்ந்த பிழை திரும்பி வராததால், கம்பியின் முறுக்கத்தில் ஒரு சிறு பகுதி அவிழாமல் நின்றுவிட, வில் அந்த அளவுக்குக் குட்டையாகிறது.

வில்லுக்கான கம்பியை உருவாக்குவோர் செய்வதெல்லாம் இந்தப் பிழைகளின் நடமாட்டத்தைத் தடுப்பதே. 0.7 முதல் 1 சதவீதம் வரை கரிமம் சேர்ந்த எஃகை, மிக நுண்ணிய அடுக்கமைப்பு உண்டாகுமாறு வெப்பப்படுத்தி ஆற்றி, பிறகு படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் துளைகளின் வழியே குளிர்ந்த நிலையில் இழுக்கிறார்கள். பிழைகள் ஒன்றோடொன்று சிக்கி முடிச்சிட்டுக்கொள்வதால், கட்டடங்களில் பயன்படும் சாதாரண எஃகு 250 மெகாபாஸ்கலில் நிலையாக உருமாறத் தொடங்கும்போது, இக்கம்பி 2000 மெகாபாஸ்கலைத் தாண்டிய இழுதகைவையும் அறுந்துபோகாமல் தாங்குகிறது. பியானோவின் நரம்பாகப் பயன்படுவதால் பியானோக் கம்பி என்றே பெயர் பெற்ற இந்தப் பொருள்தான் துப்பாக்கி வில்களிலும் பெரும்பாலும் பயன்படுகிறது.

இருப்பினும் கைத்துப்பாக்கிக்குள் இடம் மிகக் குறைவு. ஸ்லைடு மூடியிருக்கும்போது 94 மில்லிமீட்டர் நீளத்திலும், முழுவதும் பின்னே போகும்போது ஏறத்தாழ 41 மில்லிமீட்டர் நீளத்திலும் இந்த வில் ஒடுங்க வேண்டியிருக்கிறது. அந்த உச்ச அமுக்கத்தில் கம்பியின் மேற்பரப்பில் எழும் முறுக்குத் தகைவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1200 மெகாபாஸ்கல் வரும். சுருளின் உட்புறத்தில் கம்பி வளைந்திருப்பதால் அங்கே தகைவு மேலும் மிகும்; வால் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த திருத்தக் கெழுவைப் பயன்படுத்தினால் அது 1400 மெகாபாஸ்கலை எட்டுகிறது. முறுக்கத்தில் இக்கம்பியின் மீள் எல்லை அதன் இழுவலிமையில் ஏறத்தாழ பாதிதான் என்பதால், துப்பாக்கியின் பின்னுதைப்பு வில் தன் எல்லையைத் தொட்டும் சற்றுத் தாண்டியுமே வேலை செய்கிறது. வீட்டுக் கதவின் வில்லோ பேனாவின் வில்லோ பல்லாண்டு தளராதிருக்க, இந்த வில் தளர்வதற்குக் காரணம் அதன் தரக்குறைவு அல்ல. சிறிய இடத்துக்குள் பெரிய வேலையைச் செய்ய வேண்டிய நிலையே காரணம்.

இதனால்தான் புதிய வில் முதல் சில அமுக்கங்களிலேயே சிறிது குட்டையாகி, பிறகு நிலைபெறுகிறது. அறிந்த தயாரிப்பாளர்கள் வில்லைச் சற்று நீளமாகவே சுற்றி, தொழிலகத்திலேயே சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்வரை அமுக்கி, அந்த முதல் இழப்பை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். இப்படி அமுக்கி எடுத்த கம்பியின் உள்ளே, பின்னர் வரும் சுமைக்கு எதிராகச் செயல்படும் எஞ்சிய தகைவு தங்கிவிடுவதால், அடுத்தடுத்த இழப்பு மிக மெதுவாகிவிடுகிறது. மெதுவானாலும் அது நிற்பதில்லை. ஒவ்வோர் அமுக்கமும் சில பிழைகளை நகர்த்துகிறது. நெடுங்காலம் அமுங்கியே கிடக்கும் வில்லிலும் விசை மிக மெல்லக் குறைகிறது. இவ்விரண்டாவது நிகழ்வுக்குத் தகைவுத் தளர்ச்சி என்று பெயர். வெப்பம் மிகுந்தால் அது விரைவுபடும், பியானோக் கம்பியை 120 பாகை செல்சியசுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

தோட்டா நிரப்பிய மேகசினை நெடுநாள் வைத்திருந்தால் வில் கெட்டுவிடுமா என்னும் பழைய விவாதத்துக்கும் இங்கே விடை கிடைக்கிறது. அமுங்கிய நிலையில் கம்பியின் தகைவு மீள் எல்லைக்கு நன்கு உட்பட்டிருந்தால், மாதக்கணக்கில் வைத்தாலும் இழப்பு அளவிட அரிதாகவே இருக்கும். எல்லையை ஒட்டியிருந்தால் சும்மா கிடந்தாலும் இழப்பு உண்டு. ஏழு தோட்டாக்களுக்கென வகுத்த அதே நீளக் கூட்டில் எட்டாவதற்கும் இடம் செய்யும்போது, வில்லுக்கு எஞ்சும் இடம் குறைந்து தகைவு ஏறுகிறது என்பதால், அத்தகைய மேகசின்களில் வில்லின் பொருளும் வடிவமும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டியிருக்கிறது.

நீளம் குறைவதிலிருந்து வேறுபட்ட இன்னொரு முடிவு, கம்பி முறிந்துபோவது. திரும்பத் திரும்ப வரும் சுமை, ஒருமுறை வந்தால் எளிதில் தாங்கக்கூடியதாக இருந்தாலும், நாளடைவில் உலோகத்தை முறித்துவிடும் என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் பெட்டிகளின் அச்சுகளைச் சோதித்த ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் நிறுவினார். இதுவே உலோக அயர்வு. விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில், தகைவு உச்சமாக இருக்கும் சுருளின் உட்புறத்தில், ஒரு கீறலிலோ துருக்குழியிலோ பிறக்கும். நுண்ணிய எஃகு மணிகளைக் கம்பியின் மீது வேகமாக வீசி அதன் தோலை இறுக்கமாக்கும் முறை இந்த விரிசலைத் தள்ளிப்போடுகிறது. வியர்வை படிந்து ஊசிமுனை அளவு துருப்பிடித்த ஓரிடம் அந்தப் பயனையெல்லாம் அழித்துவிடக்கூடியது என்பதால், நீளம் சரியாக இருந்தாலும் துருக்குழி கண்ட வில்லை ஒதுக்கிவிடுவதே முறை.

பன்னிரண்டு மில்லிமீட்டரின் விலை

நீள இழப்பு துப்பாக்கியின் இயக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதை மேற்கண்ட அளவுகளைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த வில்லின் சுருள்மாறிலி, மில்லிமீட்டருக்கு அரை நியூட்டனுக்குச் சற்று மேல். ஸ்லைடு மூடிய நிலையில் புதிய வில் 36 நியூட்டன் விசையோடும், அதாவது ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ எடைக்கு நிகராகவும், முழுவதும் திறந்த நிலையில் 64 நியூட்டன் விசையோடும் தள்ளுகிறது. பழக்கத்தால் வில் 12 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது என்று கொள்வோம். இரு நிலைகளிலும் விசை ஏறத்தாழ 6 நியூட்டன் குறைகிறது. திறந்த நிலையில் 64இல் 6 போனால் இழப்பு பத்தில் ஒன்று. மூடிய நிலையில் 36இல் 6 போனால் இழப்பு ஆறில் ஒன்று. நீளம் இழந்த வில், தான் ஏற்கெனவே மெலிந்திருக்கும் இடத்தில்தான் மேலும் மெலிகிறது.

அந்த இடம் எது என்று பார்த்தால் செய்தியின் கனம் விளங்கும். ஸ்லைடு முன்னே வந்து மூடும் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் தோட்டா அறைக்குள் முழுவதும் அமர வேண்டும், வெற்றுக்கூடு இழுக்கும் கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பற்ற வேண்டும், குழல் மேலே எழுந்து அதன் வரம்புகள் பள்ளங்களில் பூட்ட வேண்டும். வேலை மிகுந்த அந்த முனையில் விசை குறைவாக இருப்பது இவ்வகை இயக்கத்தின் இயல்பு. எண்ணெய் உலர்ந்து தடித்தாலோ, தூசு படிந்தாலோ, குளிர் மிகுந்தாலோ எழும் சிறு உராய்வைக் கடக்க, அந்த ஆறு நியூட்டன்தான் கையிருப்பாக இருந்தது. ஸ்லைடு சில மில்லிமீட்டர் மூடாமல் நின்றுவிடும் கோளாறு, பழைய துப்பாக்கிகளில் வில் தளர்ந்ததன் முதல் அறிகுறியாக வருவதற்குக் காரணம் இதுவே.

பின்னுதைப்பு வில்லின் முதன்மைப் பணி சட்டகத்தை அடியிலிருந்து காப்பது என்னும் கருத்து பரவலாக உண்டு. ஸ்லைடும் குழலும் சேர்ந்து அரைக் கிலோவை ஒட்டிய எடையோடு நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் பின்னே கிளம்புவதாக மதிப்பிட்டால், குழல் நின்ற பிறகு ஸ்லைடிடம் மட்டும் பத்து ஜூலை ஒட்டிய இயக்க ஆற்றல் இருக்கும். ஏறத்தாழ 5.3 சென்டிமீட்டர் ஓட்டத்தில் புதிய வில் சேமிப்பதோ 2.6 ஜூல், அதாவது கால் பங்கு. எஞ்சியது குதிரையை மடக்குவதிலும் உராய்விலும் சென்றபின், சட்டகத்தின் மீது மோதி, பிடித்திருக்கும் கையால் ஏற்கப்படுகிறது. தளர்ந்த வில் சேமிப்பதைவிடப் புதிய வில் 0.3 ஜூல்தான் கூடுதலாகச் சேமிக்கும். சட்டகத்தைக் காப்பதில் வில்லுக்குப் பங்கு உண்டு, ஆனால் அதன் உயிரான பணி திரும்ப மூடுவதே. இதை உணராமல், கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி மிகவும் விறைப்பான வில்லைப் பொருத்தினால், ஸ்லைடு போதிய தூரம் பின்னே போகாமல் வெற்றுக்கூடு சிக்கிக்கொள்ளக்கூடும். முன்னே வரும்போது மோதும் வேகம் கூடி, குழலின் இணைப்புத் துண்டும் ஸ்லைடு நிறுத்தியின் ஊசியும் தேவையற்ற அடி வாங்கும்.

கண்டறிதலும் மாற்றுதலும்

நீளமே இழப்பின் அளவு என்பதால், சோதனையும் எளிதாகிவிடுகிறது. அதே வகைப் புதிய வில் ஒன்றை மேசையில் பழையதன் அருகே ஒரே கோட்டில் கிடத்தி, முனைகளை ஒப்பிட்டால் போதும். வேறுபாடு கண்ணுக்கே தெரியும். புதிய வில் கையில் இல்லாவிட்டால், முதல்முறை பொருத்துமுன் அளந்து எழுதிவைத்த நீளம் அதன் இடத்தை நிரப்பும். சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளி எங்கும் சீராக இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் நெருங்கிக் கிடக்கிறதா, மேசையில் உருட்டினால் நேராக உருள்கிறதா, வளைந்து நெளிகிறதா என்று பார்ப்பதும், உருப்பெருக்கியில் துருக்குழியைத் தேடுவதும் இதே சோதனையின் தொடர்ச்சி. துப்பாக்கியின் நடத்தையும் சான்று சொல்லும்: வெற்றுக்கூடுகள் வழக்கத்தைவிடத் தொலைவில் போய் விழுவது, ஸ்லைடு சோம்பலாக மூடுவது ஆகியவை பின்னுதைப்பு வில்லைச் சுட்டுகின்றன. கடைசித் தோட்டா மட்டும் ஒழுங்காக ஏறாததும், மேகசின் காலியானபின் ஸ்லைடு திறந்து நிற்காததும் மேகசின் வில்லைச் சுட்டுகின்றன. கடைசித் தோட்டாவின்போது அந்த வில் மிகவும் நீண்டு, விசை மிகவும் குறைந்த நிலையில் இருப்பதே அதற்குக் காரணம். பற்றவைப்பியில் விழும் குழி ஆழமில்லாமல் இருப்பது தலைமை வில்லைச் சுட்டும்.

ஊசி வில் தனிக் கவனத்துக்கு உரியது. பழைய எம்1911 வடிவமைப்பில், ஊசியைத் தனியே தடுத்துநிறுத்தும் பூட்டு கிடையாது. அறையில் தோட்டா இருக்கும் நிலையில் துப்பாக்கி குழல்முனை கீழாக விழுந்தால், ஊசி தன் வேகத்தாலேயே முன்னே பாய்ந்து பற்றவைப்பியைத் தொடாதபடி காப்பது அந்தச் சிறிய வில்லின் விசை மட்டுமே. மற்ற வில்கள் தளர்ந்தால் துப்பாக்கி இயங்காமல் போகும். இது தளர்ந்தால், இயங்கக் கூடாத நேரத்தில் இயங்கிவிடக்கூடும். மூன்று விரல் பட்டைவில்லுக்கும் இது பொருந்தும். குதிரையைத் தடுக்கும் கொக்கியின் மீது அதன் அழுத்தம் குறைந்தால், ஸ்லைடு மூடும் அதிர்ச்சியிலேயே குதிரை நழுவி விழ இடமுண்டு. இந்த விரல்களை வளைத்துச் சரிசெய்யும் வேலையை, தகுந்த உரிமமும் பயிற்சியும் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடமே விட வேண்டும் என்று சொல்லப்படுவது இக்காரணத்தால்தான்.

தளர்ந்த வில்லைக் கையால் இழுத்து நீட்டிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றுவது இயல்பு. நீட்டும்போது கம்பி மீள் எல்லைக்கு அப்பால் எதிர்த்திசையில் முறுக்கப்படுகிறது. தொழிலகத்தில் முன்னமுக்கத்தால் கிடைத்த நன்மையான எஞ்சிய தகைவு அழிந்து, அதற்கு நேரெதிரானது தங்கிவிடுகிறது. மேசையில் கிடக்கும்போது வில் நீண்டு தோன்றினாலும், சிறிது பயன்பாட்டிலேயே அந்த நீளம் மறைந்துவிடும். அதிகமாக இருப்பதாகத் தோன்றும் விசையைக் குறைக்கச் சுற்றுகளை வெட்டியெடுப்பதும் இத்தகைய பிழையே. முப்பதில் மூன்று சுற்றை வெட்டினால் சுற்றுகள் குறைந்ததால் சுருள்மாறிலி கூடிவிடும், நீளமோ குறைந்துவிடும். கணக்கிட்டால், திறந்த நிலை விசை நான்கு சதவீதமே குறைய, மூடிய நிலை விசை ஏறத்தாழ பதினைந்து சதவீதம் குறைகிறது. எங்கே குறையக் கூடாதோ அங்கேதான் குறைகிறது. தேவையான விசைக்கென்றே செய்யப்பட்ட வில்லை வாங்கிப் பொருத்துவதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி இல்லை.

மாற்றும் வேலை தொடங்குமுன், மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னே இழுத்து, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைப்பது முதல் விதி. இரண்டாவது விதி கண்ணாடி அணிவது. குழலுக்குக் கீழே பித்தான் போலத் தெரியும் சிறிய மூடிக்குப் பின்னால், வில் 71 மில்லிமீட்டர் அமுங்கிய நிலையில் 1.3 ஜூல் ஆற்றலைச் சேமித்துக் காத்திருக்கிறது. நூற்று முப்பது கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான அந்த ஆற்றல், சில கிராமே எடையுள்ள மூடிக்குக் கிடைத்தால், கட்டைவிரலின் பிடி நழுவும் கணத்தில் அது கண்ணுக்கோ கூரைக்கோ பாயும். ஆகவே மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே, அதைத் தடுத்திருக்கும் குழல்முனை வளையத்தைத் திருப்பி, பிடியைத் தளர்த்தாமல் வில்லை மெல்ல நீளவிட வேண்டும். பிரித்த உறுப்புகளைத் துடைத்து, புதிய வில்லின் நீளத்தை அளந்து குறித்து, மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசிப் பொருத்தியபின், வெற்றுத் துப்பாக்கியில் ஸ்லைடைப் பலமுறை பின்னிழுத்து, அது ஒவ்வொரு முறையும் தயக்கமின்றி முழுவதும் மூடுவதையும், பாதுகாப்புத் தாழ்கள் தம் வேலையைச் செய்வதையும் சோதிக்க வேண்டும். ஊசி வில்லையும் அதே அமர்வில் மாற்றிவிடுவது பலரும் பின்பற்றும் நல்ல வழக்கம். புதிய பின்னுதைப்பு வில்களை ஊசி வில்லோடு சேர்த்தே விற்பவர்களும் உண்டு.

எத்தனை முறை சுட்டபின் மாற்ற வேண்டும் என்பதற்கு, சில ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒருமுறை என்னும் பொதுவான வழிகாட்டல் வழங்குகிறது. தோட்டாவின் வலிமை, கம்பியின் தரம், குழலின் நீளம் ஆகியவை மாற மாற அந்த எண்ணிக்கையும் மாறும். குட்டையான துப்பாக்கிகளில் அதே வேலையை இன்னும் சிறிய வில் செய்ய வேண்டியிருப்பதால், தகைவு ஏறி ஆயுள் குறைகிறது. எண்ணிக்கையைவிட அளந்தெழுதிய நீளமே உறுதியான சான்று. சேகரிப்பில் உள்ள வரலாற்றுத் துப்பாக்கியானால், அதனோடு வந்த மூல வில்லை எறிந்துவிடாமல், நாள் குறித்த உறையில் எண்ணெய்த் தாளில் சுற்றிவைத்து, இயக்கிப் பார்க்க மட்டும் புதிய வில்லைப் பயன்படுத்துவது பேணுநர் கடமை. அந்த மூல வில்லும் ஓர் ஆவணம்: தன் ஆலையின் கம்பியையும் சுற்றுமுறையையும் அது காட்டுகிறது, இழந்த நீளத்தின் மூலம், அந்தத் துப்பாக்கி எவ்வளவு உழைத்தது என்பதையும் ஓரளவு சொல்கிறது.

மேசையில் அருகருகே கிடக்கும் இரண்டு வில்களில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் அகலம்கூடக் குட்டையாக இருக்காது. கம்பி அதே கம்பி, சுற்றும் அதே சுற்று, விறைப்பும் அதே விறைப்பு. ஆயிரக்கணக்கான முறை நான்கு சுற்று முறுகி அவிழ்ந்ததில், அவிழாமல் நின்றுபோன சிறுசிறு பகுதிகளின் கூட்டுத்தொகையே அந்த வேறுபாடு. ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கும் எவரும் அதைப் படித்துவிடலாம்.